காய்ச்சல் என்று சொன்ன பொய்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் நானும் என் தோழி கவிதாவும் ஸ்ரீரங்கத்தில் மாலை வேளைகளில் வாழைத்தண்டு சூப் விற்க ஆரம்பித்தோம். முதல் வாரம் யாருமே வாங்கவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூச்சப்பட்டு, காய்ச்சல் என்று பொய் சொல்லி நின்றுவிட்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அவளைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வாங்காமல் போனவர்களிடம் தினமும் காரணம் கேட்டு, மிளகைக் கூட்டியிருந்தாளாம். நழுவப் பார்த்த என்னைக் கவனித்துவிட்டாள்.

"வாடி, உடம்பு தேவலையா?" என்றவள் அங்கிருந்தவர்களிடம், "சொன்னேன்ல, இவதாங்க என் பார்ட்னர். பாவம், காய்ச்சல்ல படுத்துட்டா" என்றாள்.

தலை குனிந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருடமாகச் சேர்ந்துதான் விற்கிறோம். உண்மையை இன்னும் நான் சொல்லவில்லை. இதை முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுக்க வேண்டும்.