என்ட கத்தரிக்குப் பட்ட கண்ணூறு

என்ட கத்தரி செத்த கதை உங்களுக்கு எதுக்கு, வேற வேலை இல்லையா? சரி, கேளுங்க.

சண்டைக்காலம், எங்கட ஊர் உடப்பில கடலுக்குப் போகத் தடை. கறிக்கு என்ட கத்தரிப்பாத்தி மட்டும்தான். யாழ்ப்பாணத்தால இடம்பெயர்ந்து வந்த அடுத்த வீட்டு ராசம்மா, "நல்ல காய்ப்பு, ஆச்சி" எண்டாள். ரெண்டு நாளில செடியெல்லாம் பச்சையாவே வாடிச்சு.

"உன்ட கண்ணூறுதான்டி!" எண்டு ஏசினன்.

அவள் வாடின தண்டொண்ட வெட்டி, கிளாஸ் தண்ணியில பிடிச்சாள். வெட்டின இடத்தால பால் மாதிரி வெள்ளை நூல் இறங்கிச்சு.

"இப்பிடிப் பால் இறங்கினா மண்ணில நோய், ஆச்சி. என்ர கண்ணுக்கு அந்தச் சக்தி இருந்தா, ஷெல் அடிச்சவனையெல்லோ பாத்திருப்பன்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல்ல. வாடினதெல்லாம் பிடுங்கி எரிச்சம். அங்க அந்த நோய் பிடிக்காத சோளம் போட்டு, தூரத்துப் புது மண்ணில கத்தரி வச்சம், காய்ச்சிது. இப்ப மண்வெட்டியக் கழுவாம அடுத்த பாத்தியக் கொத்தமாட்டன்.

அயலுக்கும் சொன்னன்: "கத்தரி வாடினா ராசம்மாவக் கூப்பிடுங்க. அவள்ட கண் பட்டாத்தான் பிழைக்கும்."