நர்ஸ் சொன்ன ‘இரிக்கு’

அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். இரண்டு நாளாக எனக்குச் சரியான தூக்கமில்லை. தியேட்டர் வாசலில் பாலக்காட்டு நர்ஸ், “இரிக்கு சேட்டா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். காத்திருக்கச் சொல்கிறார் என்று நினைத்து, காலி நாற்காலிகள் இருந்தும் கதவோரமே நின்றேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் கேட்டார்: “அப்பவே உட்காரச் சொன்னேனே?”

“இருங்கன்னா எங்களுக்குக் காத்திருக்கிறதுங்க.”

“எங்களுக்கு உட்காருறது.”

உட்கார்ந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. நாமும் ஆசனத்தை இருக்கை என்றுதானே சொல்கிறோம், ‘இரு’வுக்கு அந்தப் பழைய பொருள் இன்னும் போகவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

“அம்மா கண் முழிச்சாச்சு, வந்து பாருங்க” என்றார் நர்ஸ். சந்தோஷம்தான். ஆனால் எழுந்திருக்கத் தெம்பில்லை.