துப்புகிறவனுக்குச் சம்பளம்

கடையில் அவருக்குப் பச்சைத்தண்ணி என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒயின் ஷாப்பில் நின்று விற்கிறார். ஒரு சொட்டு குடிப்பதில்லை. கொள்கை ஒன்றும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை பீர் குடித்து வாந்தி எடுத்தார், அத்தோடு சரி.

ஆனால் யாருக்கு என்ன வேண்டும் என்பது ஆள் படியேறும்போதே தெரிந்துவிடும். இரும்புக்கடைக்காரருக்கு ரம். வாத்தியாருக்கு பிராந்தி, செய்தித்தாளில் சுற்றி. பல் டாக்டர் சனிக்கிழமை ஆறு மணிக்கு வருவார். அவருக்கு விஸ்கியோடு கொஞ்சம் பேச்சும் கொடுக்க வேண்டும். பதினான்கு வருடமாக டாக்டர் வேறு ஆளிடம் வாங்கியதில்லை. "இவர் எடுத்துக் குடுத்தாத்தான் எனக்கு உள்ள இறங்கும்" என்பார். இதைப் பச்சைத்தண்ணி வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

முதலாளி கடையின் வலது சுவரை இடித்துக் கண்ணாடி அறை ஒன்று கட்டினார். ஏசி வந்தது. பிரான்ஸிலிருந்து உயர்ந்த ஒயின்கள் வந்தன. பாட்டில்களை அலமாரியில் படுக்க வைக்க வேண்டுமாம்.

"ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு" என்றார் பச்சைத்தண்ணி. முதலாளி சிரிக்கவில்லை.

இதை விற்க ருசி தெரிந்த ஆள் வேண்டும் என்ற பேச்சு வந்தபோது ஆளைக் கொண்டுவந்ததே பச்சைத்தண்ணிதான். மனைவியின் தங்கை புருஷன். பயணிகள் கப்பலில் பதினோரு வருடம் ஒயின் ஊற்றியவன். கப்பல் வேலை போய் வீட்டில் சும்மா இருந்தான். சும்மா இருக்கிற சகலைக்கு வேலை வாங்கிக் கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பச்சைத்தண்ணி அதை இரண்டு நாள் அனுபவித்தார்.

மூன்றாம் நாள் சகலை கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனான். பாட்டிலைத் திறந்தான். கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, வாயில் வைத்துக் கொப்பளித்து, ஒரு எவர்சில்வர் குவளையில் துப்பினான். முதலாளி பக்கத்தில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் பச்சைத்தண்ணியின் முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"துப்புறதுக்கு ஒரு சம்பளம்" என்றார் பச்சைத்தண்ணி அன்று வீட்டில் சாப்பிடும்போது.

"உங்களுக்கு முழுங்கவும் தெரியாது, துப்பவும் தெரியாது" என்றாள் மனைவி. "முதலாளி அவரை சார்னு கூப்பிடுறாராமே?"

"யாரு சொன்னது?"

"தங்கச்சிதான். ஆமா, உங்களை என்னன்னு கூப்பிடுறாரு?"

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். பச்சைத்தண்ணி விஸ்கியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். "இருங்க, அங்க என்னன்னு பார்த்துட்டு வர்றேன்" என்று டாக்டர் கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. சகலையின் கை ஆடியது. டாக்டர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். தன்னிடம் பேசும்போது அவர் ஒருநாளும் பின்பல் தெரியச் சிரித்ததில்லை என்று பச்சைத்தண்ணிக்குத் தோன்றியது.

இருபது நிமிடம் கழித்து டாக்டர் ஒரு நீளப் பையோடு வெளியே வந்தார். "உங்க தம்பி கெட்டிக்காரர். இத்தனை வருஷம் என்னை எதையோ குடிக்க விட்டுட்டீங்களே."

"தம்பி இல்ல சார், சகலை" என்றார் இவர். விஸ்கியை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

அடுத்தடுத்த மூன்று சனிக்கிழமைகளிலும் டாக்டர் நேராகக் கண்ணாடி அறைக்கே போனார். போகிற வழியில் இவரைப் பார்த்துக் கையைத் தூக்குவார். கை தூக்காமலே போயிருக்கலாம்.

பிறகு முதலாளி பன்னிரண்டு வாடிக்கையாளர்களைச் சுவை பார்க்க அழைத்தார். டாக்டர் முதல் நாற்காலியில். ஊற்றுவது சகலை, தட்டில் கிளாஸ்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது பச்சைத்தண்ணி. ஏழு பாட்டில் முடிந்தது. கடைசியாகச் சகலை, இருப்பதிலேயே உயர்ந்த போர்தோ ஒயினைத் திறந்தான். டாக்டர் ஏதோ கேட்க, அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே முகர்ந்து பார்க்காமல் ஊற்றிவிட்டான்.

தட்டைத் தூக்கியதும் பச்சைத்தண்ணிக்கு அந்த வாடை அடித்தது. ஒரு மழையில் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு மாதம் ஈர அட்டைப்பெட்டிகளைக் கிழித்து வெளியே போட்டவர் அவர். அதே வாடை. மற்ற ஏழிலும் இது இல்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடித்தார்.

"மழை பெய்த மண் மாதிரி இருக்கு. பிரமாதம்" என்றார் டாக்டர். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"இது ராஜா சார்" என்றான் சகலை.

இதற்காகத்தான் பச்சைத்தண்ணி காத்திருந்தார். தட்டைக் கீழே வைத்தார். "சகலை, இது கெட்டுப்போச்சு."

முதலாளிக்கு முகம் சிவந்தது. "குடிக்காத ஆளுக்கு இதுல என்ன தெரியும்?"

"குடிக்கத் தெரியாதுங்க. மூக்கு இருக்கு. நனைஞ்ச அட்டை வாடை வருது."

சகலை ஒரு கிளாஸை எடுத்து முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். பச்சைத்தண்ணி அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியர்க்கும் என்று நினைத்தார்.

"அண்ணன் சொல்றது சரி" என்றான் சகலை. "பாட்டில் கார்க்கு கெட்டிருக்கு. பேச்சு சுவாரசியத்துல நான் கவனிக்கல. தப்பு என்னோடது, மன்னிச்சுக்குங்க."

அவனே கிளாஸ்களைத் திரும்ப வாங்கினான், வேறு பாட்டில் திறந்தான். டாக்டர் எழுந்து போய் அவன் கையைக் குலுக்கினார். "நானும்தானே பிரமாதம்னு சொன்னேன். தப்பை இப்படி ஒத்துக்கற மனுஷனை நான் பார்த்ததில்லை." எல்லோரும் சிரித்தார்கள். சகலையைச் சுற்றி நின்றார்கள். பச்சைத்தண்ணி காலித் தட்டோடு கதவோரம் நின்றார்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். "இனிமே கண்ணாடி ரூம்ல நீங்களும் நில்லுங்க. பாட்டில் திறந்தா முதல்ல நீங்க மோந்து பாருங்க. சார்தான் கேட்டாரு. அண்ணன் பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்னாரு."

வீட்டில் சொன்னபோது மனைவி, "பார்த்தீங்களா அவர் மனசை" என்றாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு டாக்டர் கண்ணாடி அறைக்குள் வந்து உட்கார்ந்தார். சகலை ஒரு பாட்டிலைத் திறந்து, கொஞ்சம் ஊற்றி நீட்டினான். "பாருங்க அண்ணே."

பச்சைத்தண்ணி மூக்கை வைத்தார். நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. டாக்டர் காத்திருந்தார். சகலை பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தபடி காத்திருந்தான். பச்சைத்தண்ணி கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். லேசாக முகத்தைச் சுளித்தார். மறுபடி மூக்கை வைத்தார்.

"என்ன அண்ணே?" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இருங்க" என்றார் பச்சைத்தண்ணி.