பேனர் கட்டியாகிவிட்டது

என் மனைவியின் தம்பிக்குச் சிதம்பரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் அவனிடம் டிசைன் தயாராக இருக்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஒருநாள் ஓடியே வரப்போகிறேன் என்று அவன் இருக்கும்போது நான் வாயைவிட்டது தப்பு. எனக்கும் ஒன்று அடித்துவிட்டான்.

சர்க்கரை வந்த பிறகுதான் எனக்கு இந்த ஓட்டமெல்லாம். டாக்டர் நடக்கச் சொன்னார். அண்ணாமலை நகரைச் சுற்றி நடந்தேன். நடை ஓட்டமாயிற்று, இரண்டு வருஷத்தில் இருபது கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் எனக்கு வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் ரோடுதானே, ஒருமுறை காலாலேயே கடந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம். தோன்றியதை மனதோடு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். சனிக்கிழமை சாயங்காலமே கீழ வீதி முனையில் பேனர் நின்றது. ஆளுயரத்துக்கு என் படம், கல்யாணத்துக்குப் போனபோது எடுத்தது. ஓடி முடித்த சாதனைக்கு வாழ்த்தாம்.

"மச்சான், நாளைக்குத்தானே ஓடப்போறேன்? இன்னைக்கே கட்டிட்டியே?"

"ஞாயித்துக்கெழம கட்டறதுக்கு ஆளு கெடைக்க மாட்டான் மாமா. நீங்க ஓடாமயா போயிடப் போறீங்க?"

பைக்கில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கூடவே வருவதாகச் சொல்லியிருந்தவன், மேளக்காரர்களைப் பார்க்கவேண்டும் என்று அதையும் கைவிட்டான். "தண்ணிய கடையில வாங்கிக்குங்க மாமா" என்று ஐம்பது ரூபாய் கொடுத்தான். ஷார்ட்ஸின் பின்பக்கம் ஒரு பாக்கெட் உண்டு. அதில் வைத்துக்கொண்டேன்.

செம்மங்குப்பம் வரை நன்றாகத்தான் ஓடினேன். அங்கே காற்றில் எப்போதும் இருக்கும் நெடி எனக்குப் பழக்கம், ஆனால் மூச்சு வாங்கும்போது அது நேரே நெஞ்சுக்குள் இறங்குகிறது. வேகமாகக் கடந்தேன். அந்த வேகத்துக்குப் புதுச்சத்திரம் தாண்டியதும் கூலி கிடைத்தது. கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. பஸ் நிறுத்தத்துத் திட்டில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. முடியவில்லை என்று போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், இரண்டு நாளில் மறந்தும் இருப்பார்கள். ஆனால் பேனர் கட்டியாகிவிட்டது, மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். சிதம்பரம் பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன்.

வெள்ளாற்றுப் பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி மீதியை ஓடினேன், நொண்டிக்கொண்டு. கீழ வீதியில் மேளம் அடித்தார்கள். மச்சான் சால்வை போட்டான். மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றாள். போனில் தூரம் காட்டுமே என்று யாரோ கேட்டதற்கு, சார்ஜ் போய்விட்டது என்றேன். அது என் இரண்டாவது பொய். முதல் பொய்யை நான் வாயால் சொல்லவே இல்லை, எனக்குப் பதிலாகப் பேனர் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கம்பெனி பஸ் தினம் இரண்டு தடவை அந்தத் திட்டைக் கடக்கும். போகும்போது வலது பக்கம், வரும்போது இடது பக்கம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரு தடவை கண்ணில் பட்டே தீரும். தூங்குவது போல நடிப்பேன். புதுச்சத்திரம் வந்ததும் தானாகக் கண் திறந்துகொள்ளும். பேனரைக் கழற்றிய மச்சான் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான். "வேஸ்ட் பண்ண வேணாம் மாமா, வண்டிக்குப் போட்டு மூடிக்குங்க." தினமும் காலையில் என் முகத்தை நானே உருவி எடுத்துத்தான் பைக்கை வெளியே தள்ளவேண்டும்.

யாராவது ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் என் மனைவி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிற்று போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இது போதாதென்று ஒரு பள்ளிக்கூடத்தில் விடாமுயற்சி பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. நானும் மனைவியும் போனோம். மன உறுதி அது இது என்று அரைமணி நேரம் அளந்தேன். கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "நடுவுல நிறுத்திடலாம்னு தோணலையா சார்?" என்று கேட்டாள்.

"தோணுச்சும்மா. ஆனா நிறுத்தல."

கைதட்டினார்கள். முன்வரிசையில் என் மனைவி மட்டும் குனிந்து புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதிலிருந்து வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. அந்த ரோட்டை முழுக்க ஓடித் தீர்ப்பது. யாரிடமும் சொல்லாமல்.

சிதம்பரத்தில் ஓடினால், "அடுத்து எப்ப சார்?" என்று கேட்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஆலப்பாக்கம் போய் அங்கே ஓடினேன். ஏன் அவ்வளவு தூரம் போகிறேன் என்று மனைவி ஒரு நாளும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழத் தண்ணீரில் உப்புப் போட்டு இரண்டு பாட்டில் கொடுத்துவிடுவாள். ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, "நாளைக்கு கொஞ்சம் ஜாஸ்தி தூரம் ஓடுவேன், வர மதியம் ஆயிடும்" என்றேன். "சரிங்க" என்றாள். காலையில் அந்தப் பழைய ஷார்ட்ஸைத் துவைத்து மடித்து நாற்காலிமேல் வைத்திருந்தாள்.

முதுநகரில் இறங்கி டீ குடித்தேன். மீதி கையில் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டு. பின்பக்கப் பாக்கெட்டில் வைக்கப் போனேன். நோட்டு உள்ளே போகவில்லை. விரலால் தடவினேன். பாக்கெட்டின் வாய் முழுக்கத் தைத்திருந்தது. இடுப்பைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பு நூல், நெருக்கி நெருக்கிப் போட்ட தையல்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போன வருஷம் பஸ் டிக்கெட்டை அந்தப் பாக்கெட்டில்தான் வைத்தேன். பிறகு தேடியபோது இல்லை; துவைத்ததில் கரைந்திருக்கும் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். பாக்கெட்டில் கைவிட்டுப் பார்க்காமல் அவள் எந்தத் துணியையும் ஊறவைக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியாதா என்ன!

முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். கேட்டிருக்கலாமே! அன்றைக்கே டிக்கெட்டை நீட்டி, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்போம். ஒரு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாளே. பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாளே. செம்மங்குப்பம் தாண்டும்வரை அந்தக் கோபத்திலேயே ஓடினேன். நோட்டு கைக்குள் கசங்கி ஈரமாகிவிட்டது.

கோபம் ஆலப்பாக்கத்தோடு தீர்ந்துபோயிற்று. பிறகு வெறும் வெயில்தான். புதுச்சத்திரம் தாண்டியதும் அதே இடத்தில், சொல்லிவைத்த மாதிரி, கெண்டைக்கால் இழுத்தது. திட்டில் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. நான் கை காட்டவில்லை, அதுவாகவே நின்றது.

"செதம்பரமா சார்? ஏறுங்க, சீட்டு இருக்கு" என்றார் கண்டக்டர்.

கையில் ஐம்பது ரூபாய். அதை வைத்துச் சிதம்பரம் போய்விடலாம். வீட்டுக்குப் போக முடியாது. பள்ளிக்கூடத்தில் பேசினேனே மன உறுதி, அதில் ஒரு துளிகூட என்னிடம் அப்போது இல்லை. எனக்குப் போக வேறு இடம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். இல்லை என்று தலையை ஆட்டினேன். "நின்னுட்டு ஏன் சார் டைம வேஸ்ட் பண்றீங்க" என்று சலித்துக்கொண்டு விசில் ஊதினார்.

அங்கிருந்து நான் ஓடியது குறைவு. நூறு அடி ஓட்டம், இருநூறு அடி நடை. வெள்ளாற்றுப் பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி வாந்தி எடுத்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இனி எதையும் மறைப்பதாக இல்லை. கீழ வீதி முனையில் இப்போது யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா பேனர். கோயிலுக்குப் போகிறவர்கள் என்னை விலகிப் போனார்கள்.

கதவைத் திறந்தவள் என் காலைப் பார்த்தாள். மூடியிருந்த கையை அவள் முன்னால் நீட்டித் திறந்தேன். உள்ளே நோட்டு, பிழிந்த துணியாக. அதை எடுத்துப் பிரித்தாள். மடித்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"வெந்நி போட்டு வெச்சிருக்கேன், போய்க் குளிங்க" என்றாள்.

சாயங்காலம் எழுந்து வந்தபோது, துவைத்துக் காய்ந்த ஷார்ட்ஸை மடியில் போட்டுக்கொண்டு பிளேடால் அந்தச் சிவப்பு நூலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"இனிமே இதுல வூட்டு சாவிய வெச்சுக்குங்க."