தெமர்லோவுக்கு அப்பால் எண்பது மைல்

எங்கள் தோட்டத்தில் மோட்டார்சைக்கிள் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வெள்ளைக்காரச் சின்னதுரை. இன்னொருவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்த என் கணவர். சின்னதுரையின் வண்டி புத்தம் புதியது. எங்களுடையது சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தார் கழித்துக்கட்டிய பச்சை வண்டி. மலாக்காவில் ஒரு பட்டறைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்ததை லாரியில் ஏற்றி, எங்கள் தோட்டம் இருந்த லூபோக் சீனாவுக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற அதே பொறுமையோடு ஒவ்வொரு துண்டையும் துடைத்து, எண்ணெய் போட்டு, பழைய செய்தித்தாளில் வரிசையாக வைப்பார். எட்டு மாதத்தில் அது உயிர் பெற்றது.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் டீச்சர். பள்ளி விடுமுறையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே போகிற செம்மண் சாலையில் அவர் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நானாகத்தான் கேட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சேலையை இழுத்துச் சொருவிக்க" என்றார். அவ்வளவுதான். லயத்துப் பெண்கள் வேலை முடிந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "டீச்சரம்மா, பிரேக்கு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று ஒருத்தி கத்தினாள். தெரியும். ஆனால் இரண்டாவது கியருக்கு மேல் நான் போனதில்லை. தோட்டத்துச் சாலை அதற்கு மேல் இடம் கொடுக்காது.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்துகொண்டு வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகால வருடங்கள் அவை. ஆறு மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. அடையாளக் கார்டு இல்லாமல் கடைக்குக்கூடப் போகக் கூடாது. அந்த நேரத்தில்தான் என் கணவருக்கு மூன்று வாரம் லீவு கிடைத்தது. குவாந்தானுக்கு மோட்டார்சைக்கிளிலேயே போகலாம் என்றார்.

குவாந்தானில் அவருடைய அக்கா இருந்தார். எனக்கு அண்ணி. சாலை போடுகிற இலாகாவில் வேலை பார்ப்பவருக்குக் கட்டிக்கொடுத்து ஏழு வருடமாகிவிட்டது. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மூன்று குழந்தைகள் பிறந்ததைக் கடிதத்தில்தான் படித்தோம்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "டிரெஸ்ஸரே, ஒமக்கு என்னா ஆச்சு? அந்தக் காட்டு ரோட்டுல பஸ்ஸையே நிறுத்திக் கொளுத்துறானுங்க. பொம்பளைய வேற கூட்டிட்டுப் போறேங்கிறீரு."

"கான்வாய் போவுதுங்க. முன்னால பின்னால பட்டாளம். அதோட சேந்து போயிருவோம்."

"கான்வாய்ல மோட்டார்சைக்கிள சேத்துப்பானுங்களா லா?"

"கேட்டாத்தானே தெரியும்" என்றார் என் கணவர்.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த முள்கம்பிக்குள்ளேயே மூன்று வருடம் கழித்திருந்தேன். கம்பிக்கு வெளியே இருநூறு மைல் என்று அவர் சொன்னபோது, பயத்தைவிட வேறொன்றுதான் மனசில் ஓங்கி நின்றது.

முதல் நாள் தம்பின் வழியாகக் கோலா பிலா வரை போய், அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர் வீட்டில் தங்கினோம். மறுநாள் ஊரடங்கு விலகியதும் கிளம்பினோம். நான் சேலை கட்டி ஒருபக்கமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மடியில் துணிப்பை. சாப்பாடு எதுவும் எடுத்துப்போக முடியாது. ஒரு பொட்டலம் சோறு வைத்திருந்தால்கூட, காட்டில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோகிறோம் என்று பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். பட்டினியாகத்தான் பயணம்.

சிம்பாங் பெர்த்தாங்குக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பில் நிறுத்தினார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு மலாய்க்காரப் பெண் தனியாக இருந்தாள். என்னைத் தட்டிப்பந்தலுக்குள் கூட்டிப்போய்ப் பையைக் கொட்டினாள். அண்ணிக்காக எடுத்துப்போன சீயக்காய்த்தூள் பொட்டலம் கையில் சிக்கியது. முகர்ந்து பார்த்தாள். முகம் மாறியது.

"இனி அப்பா?" இது என்ன என்று கேட்டாள்.

"ரம்புத்" என்று என் தலைமுடியைத் தொட்டுக் காட்டினேன். அவள் நம்பவில்லை. மாவு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். அடுத்த நொடி பந்தலுக்கு வெளியே ஓடிப்போய்த் துப்பினாள். வெளியே இருந்த போலீஸ்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவள் வாயைத் துடைத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள், நானும் சிரித்துவிட்டேன். பொட்டலத்தை அவளே நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

காராக் தாண்டித் தெமர்லோவுக்கு வந்தபோது உச்சிவெயில். பகாங் ஆற்றைக் கடக்க வண்டிகளை ஏற்றிப்போகும் மிதவைதான். காவிநிற ஆறு, நான் அதுவரை பார்த்திராத அகலம். அக்கரையில் ஒரு மணிக்குக் கான்வாய் கிளம்பும் என்றார்கள். மிதவை கரை சேர்ந்ததும் எல்லாருக்கும் முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். பலகை ஈரமாக இருந்தது. பின்சக்கரம் வழுக்கியது. நான் முன்பே இறங்கி நடந்துகொண்டிருந்ததால் தப்பித்தேன். வண்டி சாய, அவர் வலது கையை ஊன்றிப் பலகையில் விழுந்தார்.

எழுந்து முதலில் வண்டியைத்தான் பார்த்தார். அதற்கு ஒரு கீறல். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு, வேறு யாருடைய கையையோ சொல்வதுபோல், "எலும்பு முறியல. சுளுக்குத்தான். பையில பேண்டேஜ் இருக்கு, எடு" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் கட்டினேன்.

"இனி என்னங்க செய்யறது?"

"இங்க தங்கிட்டு, நாளைக்கு லாரியில வண்டிய ஏத்திட்டுப் போவோம்."

வரிசை கட்டி நின்ற கான்வாயைப் பார்த்தேன். முன்னால் ஒரு கவச வண்டி, அப்புறம் பட்டாள லாரி, நான்கைந்து சரக்கு லாரிகள், ஒரு பஸ், இரண்டு கார்.

"நான் ஓட்றேன்" என்றேன்.

"மூணாவது கியரே போட்டதில்ல நீ."

"இன்னிக்குப் போட்டுப் பாக்குறேன்."

அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து மாற்றுக் கால்சட்டையை எடுத்து நீட்டினார்.

கரையோரத் தேநீர்க்கடையின் பின்பக்கத்தில் போய் மாற்றிக்கொண்டேன். இடுப்பு நிற்கவில்லை. கடைக்காரரின் மனைவி, தமிழ் முஸ்லிம் அம்மா, சாக்குக் கட்டுகிற சணல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். "பத்திரமா போயிட்டு வாம்மா. குனிஞ்சா கயிறு அறுந்திரும், நிமிந்தே உக்காரு" என்றார். மேலே என் ரவிக்கையை மறைக்க என் கணவரின் சட்டை. கண்ணாடி இல்லை. இருந்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டேன்.

கான்வாய்க்குப் பொறுப்பான மலாய் சார்ஜெண்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போலே கா?" முடியுமா என்று கேட்டார். "போலே" என்றேன். முடியும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, பட்டாள லாரிக்கு நேர் பின்னால் எங்களை நிற்கச் சொன்னார். பின்தங்கினால் நின்று காத்திருக்க மாட்டோம் என்றும் சொன்னார்.

என் காலுக்கு அந்த வண்டியை உதைத்துக் கிளப்பும் பலம் போதவில்லை. "எனக்குக் கைதானே போச்சு, கால் இருக்குல்ல" என்று அவர் பக்கத்தில் நின்று ஓங்கி உதைத்தார். பிறகு பின்னால் ஏறி, இடது கையை என் தோளில் வைத்தார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் கை என்மேல் பட்டது அதுதான் முதல் முறை. அதை நினைத்து வெட்கப்படக்கூட நேரமில்லை. லாரி நகர்ந்துவிட்டது.

முதல் பத்து மைல் காதுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தார். "கிளட்ச். விடு, மெதுவா. இப்ப கியர். மேல தூக்கு. வளைவுக்கு முன்னாலயே கொறைச்சிரு, வளைவுல கொறைக்காத." மூன்றாவது கியர் விழுந்தபோது வண்டியின் சத்தமே மாறியது, அதட்டிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று சாந்தமாகப் பேசுவதுபோல. சாலை குறுகல். இரண்டு பக்கமும் காடு. ஓரங்களில் அகலமாக வெட்டி எரித்திருந்தார்கள், ஒளிந்திருந்து சுட முடியாதபடி. ஒரு வளைவில் எரிந்த பஸ் ஒன்றின் எலும்புக்கூடு கிடந்தது. பட்டாள லாரியில் இருந்த பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் துப்பாக்கியைக் காட்டுப்பக்கம் திருப்பினார்கள்.  கண்ணை லாரியின் பின்பலகையிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்த இடம் தாண்டி வெகுநேரம் அவர் பேசவில்லை. கோபமோ, வலியோ என்று நினைத்தேன்.

"என்னங்க, கை வலிக்குதா?"

"இல்ல. வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றேன். இங்க இருந்து பாத்தா எவ்வளவு தெரியுது! காலையில இருந்து நான் ரோட்டத் தவிர ஒன்னையும் பாக்கல." கொஞ்சம் கழித்து, "அந்த மரத்துல பாரு, செவப்பா ஏதோ பூத்திருக்கு" என்றார்.

"நான் பாக்க முடியாதுங்க. சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். பூவை, ஒரு இருவாட்சிப் பறவை ஜோடியை, மலைமேல் படுத்திருந்த மேகத்தை. அந்தக் காட்டை நான் பார்த்தது அவர் வாயால்தான். இன்றைக்கும் அது என் கண்ணில் பார்த்ததுபோலவே இருக்கிறது.

மாரானுக்கு முன்னால் கான்வாய் நின்றது. எல்லாரையும் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். தாக்குதல் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைச் சாலையோரப் பள்ளத்துக்குள் இழுக்கப் பார்த்தார். அதற்குள் முன்னாலிருந்து வாய்க்கு வாய் செய்தி வந்தது. யானை. குட்டியோடு மூன்று யானைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. எங்களுக்குப் பின்னால் நின்ற லாரியின் சீன டிரைவர் இறங்கிவந்து, "ஹயா, காஜா" என்று கையால் தும்பிக்கை போலக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, கால்சட்டையைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார். சட்டைப் பையிலிருந்து இரண்டு புளிப்பு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். குவாந்தான் போய்ச் சேரும்வரை நாங்கள் சாப்பிட்டது அதுதான்.

குவாந்தானுக்குள் நுழைந்தபோது ஐந்து மணி. இலாகா வீடுகளைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தோம். சத்தம் கேட்டு அண்ணி வாசலுக்கு வந்தார். முதலில் என்னை ஆம்பளை என்று நினைத்திருக்க வேண்டும், பின்னால் இருந்த தம்பியை மட்டும் பார்த்தார்.

"ஏன்டா, நீ ஓட்டிட்டு வர்றேன்னுதானே எழுதுன?" என்றவர், ஓட்டிவந்தது யார் என்று தெரிந்ததும் வாயில் கைவைத்து நின்றுவிட்டார். "அடப்பாவி, பொம்பளைய ஓட்டவிட்டுட்டுப் பின்னால குந்திக்கிட்டு வர்றியே! வெக்கமா இல்ல?" பிறகு மணிக்கட்டுக் கட்டைப் பார்த்தார். அழ ஆரம்பித்தவர் நிறுத்த நேரமாயிற்று. ஏழு வருடத்து அழுகை.

என்னால் இறங்க முடியவில்லை. விரல்கள் பிடியிலேயே இறுகிப்போயிருந்தன. அண்ணி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். வெந்நீரில் என் கையை முக்கி வைத்துக்கொண்டு, "சோறு வடிச்சிட்டேன், கருவாட்டுக் குழம்பு இருக்கு, சாப்பிடும்மா" என்றார். குழந்தைகள் சுற்றி நின்று என் கால்சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

பத்து நாள் இருந்தோம். அவர் கை சரியாகிவிட்டது. ஊர் திரும்பும்போது ஆளுக்குப் பாதி வழி ஓட்டினோம். பெரிய கிராணியிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். என் கணவர் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, தோட்டம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்தப் பயணத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது குவாந்தானிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் காலையைத்தான். எல்லாரும் தெலுக் செம்பெடாக் கடற்கரைக்குப் போயிருந்தோம், மோட்டார்சைக்கிளையும் கொண்டுபோயிருந்தோம். கடல் உள்வாங்கியிருந்ததால் மணல் இறுகிக் கிடந்தது. மூன்று பிள்ளை பெற்ற, கனத்த உடம்புக்கார அண்ணி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து, "என்னயும் ஒரு தடவ ஏத்திட்டுப் போறியா?" என்று ரகசியமாகக் கேட்டார். ஏறினார். என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, முதலில் மாதாவே மாதாவே என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரத்தில் அவருடைய செருப்பு ஒன்று கழன்று தண்ணீரில் விழுந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"போனாப் போவுது. நீ நிறுத்தாத, நேரா போ!" என்று கத்தினார்.