முள் ஒடித்த கருவேலங்கிளை

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட முப்பதுகளில் நடந்தது இது. பாகூருக்குப் பக்கத்தில் செலியமேட்டில் எங்கள் வீடு. என் கணவர் பாகூர் கொம்யூன் அலுவலகத்தில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், குமாஸ்தா. மாதம் ஒரு சாயங்காலம் புதுச்சேரிக்குப் போய்வருவார். அங்கே மதம் பாராமல் ஆண்கள் சகோதரர்களாகக் கூடும் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் அவர் உறுப்பினர். ஊரில் அதைத் 'தலைவெட்டிக் கோயில்' என்பார்கள். தலையை வெட்டிப் பூசை போடுகிறார்களாம். நான் பயந்துபோய்க் கேட்டால், "மனுசனா இருக்கக் கத்துக்குடுக்கறாங்க, அவ்ளோதான்" என்று சிரிப்பார். உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தாராம்.

ஓர் ஐப்பசி அடைமழையில் விஷக்காய்ச்சல் கண்டு அவர் போய்விட்டார். அப்போது எங்கள் மகளுக்கு நடை பழகுகிற வயது.

பாடை கட்டி முடித்த நேரத்தில் புதுச்சேரியிலிருந்து ஒரு குதிரை வண்டி வந்தது. வெள்ளைக் கையுறை போட்ட மூன்று பேர் இறங்கினார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் ஒரு முஸ்லிம். கையில் கொண்டுவந்த கருவேலங்கிளையை என் கணவரின் மார்பில் வைக்கக் குனிந்தார்.

என் கணவரின் அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"சாவு வூட்டுக்கு முள்ளு எடுத்தாறீங்களே, இன்னா பழக்கம் இது? கொழந்த இருக்கற குடும்பம். இத வெச்சா நாங்க யாரும் தோள் குடுக்க மாட்டோம்."

பங்காளிகளும் அவர் பக்கமாக நகர்ந்தார்கள். மூத்தவர் கிளையை மெல்ல இறக்கிக்கொண்டு, கண் கலங்க என் கணவரையே பார்த்தபடி நின்றார். கூடப்பிறந்தவனை இழந்தவர் பார்க்கிற பார்வை அது. பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து அவரிடம் போனேன்.

"ஐயா, இத எதுக்கு வெக்கிறீங்க? எனக்குச் சொல்லுங்க."

"எங்க சங்கத்துல ஒரு கதை உண்டும்மா. கோயில் கட்டின தலைமைக் கொத்தனார் ஒருத்தரைக் கொன்னு பொதைச்சுட்டாங்க. அவரைப் பொதைச்ச எடத்தைக் காட்டிக்குடுத்தது இந்த மாதிரி ஒரு கிளைதான். கோடையிலயும் பச்சை மாறாத மரம். ஒடம்பு போனாலும் உள்ள இருக்கற மனுசன் சாகலன்னு சொல்றதுக்குத்தான் வெக்கிறோம்."

"இது அவருக்குத் தெரியுமா?"

"எங்கள்ல ஒருத்தர் செத்தப்போ கிளை வெச்சதே உன் வீட்டுக்காரர்தாம்மா. 'என் சம்சாரம் பயப்படுது. இத மட்டுமாவது அதுக்குச் சொல்லணும்'னு அன்னிக்கு எங்கிட்ட சொன்னாரு."

கிளையை வாங்கிக்கொண்டு என் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். முட்களை ஒவ்வொன்றாக ஒடித்தேன். விரலில் குத்தியது. இலையும் மஞ்சள் பூவும் மட்டும் மிஞ்சியபோது நிமிர்ந்து என் கணவரின் அண்ணனைப் பார்த்தேன்.

"மாமா, இப்போ முள்ளு இல்ல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெய்யிம்மா" என்றார். முதல் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

அன்றைக்கு எழுந்து போய் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், என்னோடு வாழ்ந்தவரைப் பாதி தெரியாமலே வழியனுப்பி வைத்திருப்பேன் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.