சிறுத்தையின் பேத்தி

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஆறு மாதம் வெளிநாடு போக வேண்டி வந்தபோது, தன் பூனையை எங்கள் குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டுப் போனாள். பெங்கால் பூனை என்றாள். அமெரிக்காவில் ஓர் அம்மாள், காட்டில் திரியும் சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்து உண்டாக்கிய வம்சமாம். சிறுத்தைப் பூனை சிறுத்தை அல்ல. சாதாரணப் பூனை அளவுதான் இருக்கும். அதற்கும் எங்களிடம் வந்ததற்கும் நடுவே ஐந்தாறு தலைமுறை போய்விட்டது.

மகள் இவ்வளவும் விளக்கமாகத்தான் சொன்னாள். நான்தான் எங்கள் குவார்ட்டர்ஸ் ப்ளாக்கில் எல்லோரிடமும் சுருக்கிச் சொன்னேன்: "இதோட பாட்டி சிறுத்தை."

பெருமை யாரை விட்டது? பார்ப்பவர்களும் நம்பினார்கள். பொன்னிற உடம்பு முழுக்கக் கரும்புள்ளி, வயிற்றில்கூட. வெயிலில் நின்றால் ரோமம் மினுங்கும். பீரோவின் உச்சியில்தான் உட்காரும். குழாயைத் திறந்தால் ஓடிவந்து தண்ணீரில் கைவிட்டு விளையாடும். கரகரத்த குரல். நான் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். அதைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் அது இல்லாமல் சோறு இறங்கவில்லை.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. கணவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். துணி காயப்போடக் கொல்லைக்கதவைத் திறந்தேன். கால் இடுக்கில் புகுந்து பூனை ஓடிவிட்டது.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் ஆட்கள் புதர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "சிறுத்தக்குட்டி!" என்று யாரோ அலறியது கேட்டது. நான் போய்ச் சேருவதற்குள் மதிலோரம் கிடந்த பழைய சிமென்ட் குழாய்க்குள் பூனை பதுங்கிவிட்டது. இரண்டு வாயிலும் தடியோடு ஆட்கள். உள்ளேயிருந்து உறுமல்.

மேஸ்திரி என்னைத் தடுத்தார். "கிட்ட வராதீங்கம்மா. குட்டி இங்க இருந்தா தாய் எங்கனா படுத்துக்கினு இருக்கும்."

"அது எங்க வீட்டுப் பூனைங்க."

பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைகளோடு ஓடிவந்திருந்தாள். "டீச்சர், நீங்கதானே சொன்னீங்க, அதோட பாட்டி சிறுத்தைன்னு?"

தடிகள் இன்னும் உயர்ந்தன. ஐந்தாறு தலைமுறைக் கதையைக் கேட்க அங்கே யாருக்குப் பொறுமை?

"பொய்ங்க. சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அவமானம் பிடுங்கித் தின்றது.

"பூனன்னா கையில தூக்கிக் காட்டுங்க," என்றார் மேஸ்திரி. "கடிச்சுதுன்னா வுட மாட்டோம். கொழந்தைங்க இருக்கிற எடம்."

மண்டியிட்டுக் குழாய்க்குள் கையை விட்டேன். என் குரலுக்கு எப்போதும் ஓடிவருவது, அன்று பயத்தில் என்னையே அடையாளம் தெரியாமல் முழங்கையில் நகத்தைப் பதித்தது. இழுத்தெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். முந்தானையால் அதன் தலையை மூடிய நொடியில் தோளுக்குக் கீழே பல் இறங்கியது. கண் இருட்டியது. சிரித்தேன்.

"பாருங்க, எப்படி ஒட்டிக்குது."

பக்கத்து வீட்டுச் சின்னவள் கையை நீட்டினாள். "டீச்சர், தொட்டுப் பாக்கட்டுமா?"

"நாளைக்கும்மா. அது தூங்கப் போகுது."

மேஸ்திரி என் முழங்கையைப் பார்த்தார். "ரத்தம் வருதே?"

"குழாய் விளிம்பு கிழிச்சிடுச்சு."

அவர் தடியை இறக்கவில்லை. நான் அவரைத் தாண்டி நடந்தேன். வாசல் நாற்பது அடிகூட இருக்காது. ஒவ்வோர் அடிக்கும் பல் இன்னும் ஆழமாகப் போனது. வேகமாக நடந்தால் சந்தேகப்படுவார்கள் என்று மெதுவாக நடந்தேன்.

உள்ளே வந்து தாழிட்டேன். பூனை குதித்து பீரோ மேல் ஏறிக்கொண்டது. அப்போதும் என்னால் கத்த முடியவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, வெளியே ஆட்கள் இன்னும் கலையவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.